இரண்டாவது குக்கர்

மே 17, ஞாயிறு. உடுமலைப்பேட்டை

இன்று ராத்திரி ரயில், நாளை மதியம் கப்பல். இந்த நோட்டை அதற்காகவே வாங்கினேன். முன் பக்கத்திலிருந்து நாட்குறிப்பு. தலைகீழாகத் திருப்பினால் பின் பக்கத்திலிருந்து 'கப்பல் பயணிகளுக்குச் சில குறிப்புகள்'. அது பள்ளி ஆண்டு மலருக்கு. எங்கள் பள்ளியில் இதுவரை யாரும் கப்பலில் போனதில்லை. கன்னியாகுமரியில் பாறைக்குப் போன படகைக் கணக்கில் சேர்க்க முடியாது.

அப்பா மோட்டார் பம்ப் கடை வைத்திருக்கிறார். கம்பெனி சொன்னதைவிட இந்த வருடம் அதிகம் விற்றுவிட்டார். அப்படி விற்ற முப்பது டீலர்களையும் குடும்பத்தோடு கப்பலில் அனுப்புகிறார்கள். சென்னையில் ஏறி, இலங்கையில் இரண்டு துறைமுகம் பார்த்து, சனிக்கிழமை திரும்பச் சென்னை. நான் பத்தாம் வகுப்பில் உட்காருவதற்குள் வந்துவிடலாம்.

அம்மா சின்னக் கரண்ட் குக்கரைப் பழைய ஆரஞ்சுப் புடவையில் சுற்றிச் சிவப்புப் பெட்டியில் வைத்தாள். கம்பெனி அனுப்பிய ஆங்கிலத் தாளில் ஒன்பதாவது வரியை வாசித்துக் காட்டினேன். சூடாக்கும் கருவி எதுவும் கூடாது.

"அது அயர்ன் பாக்ஸுக்குச் சொல்றது கண்ணு. சோறு வெக்கறதப் போயி யாராச்சும் வேண்டாம்பாங்களா?"

"வெச்சுட்டு வா புள்ள," என்றார் அப்பா. "அங்க வேணுங்கறது எல்லாம் ஆக்கிப் போடுவாங்க."

"ஆக்கிப் போடுவாங்க, நீங்க திம்பீங்க. எனக்கு மாத்திரை போட்டா ஒடனே வவுத்துக்கு எதாச்சும் எறங்கோணுமுங்க."

அம்மாவுக்கு ஆறு வருடமாகச் சர்க்கரை. குக்கர் பெட்டிக்குள் போய்விட்டது. கூடவே அரிசி, பருப்புப்பொடி, மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு. வேறு யாரும் கப்பலுக்குத் தூக்கு எடுத்துப் போயிருக்க மாட்டார்கள்.

மே 18, திங்கள். கப்பல்

குறிப்பு 1: மாத்திரைகளையும் ஒரு மாற்றுடையையும் கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்கிறார்கள். அறைக்கு வர மாலை ஆகிவிடும்.

குறிப்பு 2: அறைச் சாவி ஒரு அட்டை. அதைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். கதவைத் திறப்பதும், கப்பலை விட்டு இறங்குவதும், ஏறுவதும் அதை வைத்துத்தான்.

குறிப்பு 3: எல்லா நடைபாதையும் ஒரே மாதிரி இருக்கும். உங்கள் கதவில் ஏதாவது ஒட்டிவையுங்கள். (நான் ஒரு மயிலிறகு ஒட்டினேன்.)

லிஃப்டின் தரை விரிப்பில் இன்று என்ன கிழமை என்று எழுதியிருக்கிறது. தினமும் மாற்றுவார்களாம்.

மற்ற பெட்டிகள் வந்தன, சிவப்புப் பெட்டி வரவில்லை. கதவுக்கு அடியில் ஒரு சீட்டு வந்தது: மூன்றாம் தளத்துப் பாதுகாப்பு அறைக்கு வரவும். மூன்று பேரும் போனோம். அங்கே நீளமான மேசையில் பிடிபட்ட பொருள்கள். இரண்டு அயர்ன் பாக்ஸ், ஒரு கெட்டில், நடுவில் ஆரஞ்சுப் புடவை. காவலர் புடவையை மெதுவாகப் பிரித்தார், குழந்தைக்குத் துணி மாற்றுவது போல. உள்ளே குக்கர், குக்கருக்குள் அரிசி.

தன் அயர்ன் பாக்ஸுக்காக வந்திருந்த ரத்னா அத்தை அம்மாவைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்தார். அவர் கோபி ஊர் டீலரின் மனைவி. "பூங்கொடி, கப்பலுக்கே நீதான் சோறாக்கிப் போடப்போறயா?"

வரிசையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். சுவரில் தீயணைப்புக் கருவி ஒன்று இருந்தது. அதன் பக்கத்தில் போய் நின்று, அதை எப்படிப் பயன்படுத்துவது என்று இரண்டு முறை முழுதாக வாசித்தேன். அம்மா தமிழில் கையெழுத்துப் போட்டு ரசீது வாங்கிக்கொண்டாள். இறங்கும்போது திருப்பித் தருவார்களாம்.

குறிப்பு 4: அனுமதி இல்லாத பொருள்களின் பட்டியலை வீட்டிலேயே கவனமாக வாசியுங்கள்.

எங்கள் அறை 5127. ஜன்னல் கிடையாது. எங்கள் அறையைப் பார்த்துக்கொள்பவர் தமிழ்க்காரர்! "வணக்கம் அக்கா, நான் கஸ்பார். தூத்துக்குடி. இந்த வரிசையில பதினாலு ரூமும் நம்ம பொறுப்புதான். ஜன்னல் இல்லன்னு வருத்தப்படாதிய. கீழயும் நடுவுலயும் இருக்கிய, ஆட்டம் கம்மியா இருக்கும். மேல பால்கனி வாங்குனவங்கதான் நாளைக்குப் படப்போறாவ."

கழிப்பறையில் தண்ணீர் விட்டால் புலி உறுமுவது போலச் சத்தம் வரும் என்று அவரே முன்கூட்டிச் சொன்னார். அம்மா பயந்து வெளியே ஓடி வந்திருப்பாள், இல்லாவிட்டால்.

சாப்பிட்டுத் திரும்பியபோது கட்டிலில் துண்டால் செய்த யானை.

மே 19, செவ்வாய். நடுக்கடல்

ஆட்டம் கம்மியாக இருக்கவில்லை. அம்மா லிஃப்டிலேயே வாந்தி எடுத்தாள், செவ்வாய்க்கிழமை என்று எழுதிய விரிப்பின் மேல். உள்ளே இரண்டு வெளிநாட்டுக்காரர்கள் இருந்தார்கள். நான் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டேன். அம்மாவின் முதுகைப் பிடித்திருக்க வேண்டும். அதைச் செய்தவர் அந்த வெளிநாட்டு அம்மாள்.

காலையில் எதுவும் இறங்கவில்லை. மதியமும் இல்லை. அப்பா தட்டில் சாதம் வாங்கிவந்தார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எல்லாத்துலயும் வெண்ண வாசமுங்க." மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். போட்டால் மயக்கம் வரும், போடாவிட்டால் சர்க்கரை ஏறும்.

கஸ்பார் துண்டு மாற்ற வந்தார். பார்த்தார். "வெறும் வயித்துல போடப்புடாதுல்லா அக்கா," என்றவர் மேசையிலிருந்த எங்கள் தூக்கைப் பார்த்தார். "இத எடுத்துட்டுப் போறேன்." அரை மணி கழித்து வந்தார். கையில் மடித்த துண்டுகள், துண்டுகளுக்கு அடியில் தூக்கு. சூடு ஆறாமல் இருக்கத்தான் அப்படி வைத்திருப்பார். உள்ளே நல்ல குழைந்த கஞ்சி, நறுக்கிய சின்ன வெங்காயம், தனிக் கிண்ணத்தில் எலுமிச்சை ஊறுகாய். பணியாளர்கள் சாப்பிடும் இடத்தில் ஆக்கியதாம். "எங்களுக்கு ஒரு பாலக்காட்டுக்காரர் ஆக்குதாரு. இது இல்லன்னா நாங்க ஒருத்தனும் இந்தக் கடல்ல நிக்க மாட்டோம்."

அம்மா குடித்தாள். மாத்திரை போட்டாள். தூங்கினாள். அப்பா கஸ்பாரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

குறிப்பு 7: கப்பல் ஆடும்போது படுக்காதீர்கள். மேல் தளத்துக்குப் போய்க் கடலும் வானமும் சேரும் கோட்டைப் பாருங்கள். இஞ்சி மிட்டாய் நல்லது.

மே 20, புதன். அம்பாந்தோட்டை

அப்பாவும் நானும் இறங்கினோம். நேற்று ராத்திரி போலவே இன்று காலையும் கஸ்பார் கஞ்சி கொண்டுவந்தார். அம்மா அதைக் குடித்துவிட்டு அறையிலேயே இருந்தாள்.

குறிப்பு 9: கரையில் இறங்கும்போது, எல்லாரும் திரும்ப ஏற வேண்டிய நேரத்தைக் கையில் எழுதிக்கொள்ளுங்கள். கப்பல் பேருந்து மாதிரி இல்லை, கை தட்டினால் நிற்காது.

குறிப்பு 10: கடலில் போனில் சிக்னல் தேடாதீர்கள். விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள்.

தினமும் கதவுக்கு அடியில் வரும் நிகழ்ச்சித் தாளில் இன்று ஒரு போட்டி. பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. கப்பலில் உங்களுக்கு உதவிய ஒருவருக்கு நன்றிக் கடிதம் எழுதுங்கள். சிறந்த கடிதம் நாளை மாலை அரங்கத்தில் வாசிக்கப்படும்!

நான் அதை வாசித்துக்கொண்டிருந்தபோது கஸ்பார் படுக்கை விரித்துக்கொண்டிருந்தார். "பாப்பா, எறங்கும்போது ஒரு கருத்துச் சீட்டு குடுப்பாவ. நல்லா பாத்துக்கிட்டேன்னு தோணுச்சுன்னா எம் பேர எழுதுங்க. பேரு போட்ட சீட்டு பத்து வந்தா அடுத்த கான்ட்ராக்ட் உறுதி. ஒம்பது இருக்கு."

"பத்துச் சீட்டுக்குச் சமமா ஒண்ணு எழுதறேன்," என்றேன்.

சிரித்தார். "பேரு போதும் பாப்பா."

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். நான்காவது நன்றாக வந்திருக்கிறது. ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம். அகராதி இல்லாமல்.

மே 21, வியாழன். திருகோணமலை

காலை: அம்மா எழுந்து நடக்கிறாள். மேல்தளத்துக்கு வந்தாள். தண்ணீரின் நிறத்தைப் பார்த்துவிட்டு, "நீலத்தக் கரைச்சு ஊத்துன மாதிரி இருக்குது," என்றாள். முகத்தில் சிரிப்பு. பதினோரு மணிக்குக் கடிதத்தைப் பெட்டியில் போட்டேன்.

மாலை: பரிசு எனக்குத்தான். பேனா. தூக்கம் வருகிறது.

மே 22, வெள்ளி. நடுக்கடல்

நேற்று தூக்கம் வரவில்லை. பொய் எழுதினேன்.

கதவைத் தட்டிக் காலையில் வந்தது வேறொருவர். நேபாளி. கஸ்பார் எங்கே என்று கேட்டேன். "லாண்டரி, மிஸ்," என்றார். கொஞ்சம் தயங்கி, "விசாரணை," என்றார். கட்டிலில் யானையும் இல்லை, கொக்கும் இல்லை. துண்டு வெறும் துண்டாகவே இருந்தது.

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை நான் ஒரு வரியை விட்டுவிட்டேன். தூக்கை மேசையில் வைத்துவிட்டு கஸ்பார் என்னைப் பார்த்து, "பாப்பா, இது நமக்குள்ள இருக்கட்டும், என்ன?" என்றார். நான் தலையாட்டினேன். துண்டுகளுக்கு அடியில் வைத்தது சூடு ஆறாமல் இருக்க இல்லை. அது எனக்கு அப்போதே தெரியும். எழுதும்போது சூடு என்று எழுதிக்கொண்டேன்.

நல்லவர்கள் தாங்கள் செய்ததை மறைப்பார்கள், வேறொருவர்தான் அதை உலகுக்குச் சொல்ல வேண்டும் என்று படித்த எல்லாக் கதைகளிலும் இருந்தது. அதனால் எழுதினேன் என்று நேற்று முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் முழு உண்மை இல்லை. முதல் மூன்று கடிதங்களில் கஞ்சி இல்லை. அவர் துண்டில் யானை செய்வார், சிரித்துப் பேசுவார் என்று எழுதினேன். எல்லாப் பிள்ளைகளும் அதையேதான் எழுதுவார்கள். கஞ்சியைச் சேர்த்த பிறகுதான் கடிதம் நன்றாக வந்தது.

அரங்கத்தில் அறுநூறு பேர். நிகழ்ச்சி நடத்தும் பெண் என் பெயரைத் தப்பாகச் சொல்லி, கடிதத்தை நடித்து வாசித்தாள். "என் அம்மா லிஃப்டில் வாந்தி எடுத்தாள்" என்றதும் எல்லாரும் "அச்சோ" என்றார்கள். "பணியாளர் சமையலறையிலிருந்து, துண்டுகளுக்கு அடியில் ஒளித்து, தினமும் இரண்டு வேளை" என்றபோது கைதட்டினார்கள். அப்பாவுக்கு என் ஆங்கிலம் பாதிதான் புரிந்தது, ஆனால் எழுந்து நின்று தட்டினார். அம்மாவும் தட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் 'கஞ்சி' என்ற சொல் வந்தது. அதை நான் ஆங்கிலமாக்காமல் அப்படியே வைத்திருந்தேன், அழகாக இருக்கும் என்று. அம்மாவின் கைகள் நின்றுவிட்டன. பக்கவாட்டுக் கதவில் வெள்ளைச் சீருடையில் ஓர் அம்மாள் நின்றிருந்தார். அந்த அரங்கத்தில் கைதட்டாதவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான்.

ரத்னா அத்தை முன் வரிசையிலிருந்து திரும்பினார். "ஏம் பூங்கொடி, கப்பல்ல வந்தும் கஞ்சிதானா?"

நான் மேடைக்குப் போய்ப் பேனாவை வாங்கிக்கொண்டேன். படம் எடுத்தார்கள். அதில் நான் சிரிக்கிறேன்.

காலையில் அப்பா வரவேற்பு மேசையில் விசாரித்துவிட்டு வந்தார். பணியாளர் சாப்பாட்டைப் பயணிகளுக்குக் கொடுப்பது பெரிய குற்றமாம். ஒருவருக்கு வயிறு கெட்டாலும் கப்பலையே நிறுத்திவிடுவார்களாம். நாளைக்குச் சென்னையில் கஸ்பாரை இறக்கிவிட்டு, கையில் வேலைநீக்கக் கடிதம் கொடுத்துவிடுவார்கள். அந்தக் கடிதம் உள்ளவரை வேறு கப்பலிலும் எடுக்க மாட்டார்கள்.

"நாமதான உண்மைய எழுதுன்னு சொல்லி வளத்தோம்," என்றார் அப்பா. என்னிடம் இல்லை, சுவரிடம்.

அம்மா காலையில் இரண்டு பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்துத் தின்றாள். "தூக்கு அவருகிட்டத்தான இருக்குது," என்றாள். "யாராச்சும் பாத்துட்டா?"

நான் யாரிடமும் சொல்லாமல் கிளம்பினேன். வெள்ளைச் சீருடை அம்மாள்தான் அறைகளுக்கெல்லாம் மேலாளர், திருமதி டிமெல்லோ. அவர் மேசையில் என் கடிதம். நான்கு வரிகளுக்கு மஞ்சள் பூசியிருந்தார். அவர் பேசியது எல்லாம் ஆங்கிலம்.

"நீதானே இது? அழகாக எழுதுகிறாய்," என்றார்.

"இதில் தப்பு இருக்கிறது மேடம்," என்றேன். வழி நெடுக அதைத்தான் மனப்பாடம் செய்திருந்தேன்.

"எந்த வரியில்?"

கடிதத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு வரியும் உண்மை. சின்ன வெங்காயம்கூட உண்மை. எந்த வரியைக் காட்டுவது என்று தெரியாமல் நின்றேன். கடைசியில், "எழுத்துப் பிழைகள்," என்று சொல்லிவிட்டேன். எவ்வளவு கேவலம்! திருமதி டிமெல்லோ சிரிக்கவில்லை. அதற்காக அவருக்கு நன்றி.

அப்போது கதவு திறந்தது. அம்மா. தலை வாரி, திருமணத்துக்குப் போகிற பச்சைப் புடவை கட்டியிருந்தாள். பின்னால் அப்பா, மூச்சு வாங்க. அம்மா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கண்ணு, நாஞ்சொல்றத அப்படியே இங்கிலீசுல சொல்லு. கூட்டாம கொறைக்காம."

"அம்மா..."

"சொல்லு. கஞ்சி நான் வெச்சது. குக்கர் ரெண்டு கொண்டாந்தேன். ஒண்ணத்தான் புடிச்சாங்க."

சொன்னேன். திருமதி டிமெல்லோ பேனாவை எடுத்தார். இரண்டாவது குக்கர் எப்படிச் சோதனையில் தப்பியது என்று கேட்டார்.

"அத அவுங்களத்தான கேக்கோணும்?" என்றாள் அம்மா.

அதையும் சொன்னேன்.

"அந்தத் தம்பி துண்டு வெக்க வந்தாரு. அப்ப தூக்குல கஞ்சி இருந்துச்சு. அவரு கொண்டாந்ததுன்னு எம் பொண்ணு நெனச்சுக்கிட்டா. அவ கதைப் புஸ்தகம் ரொம்பப் படிப்பா. கண்டது காணாதது எல்லாம் எழுதுவா."

நான் நிறுத்திவிட்டேன். "சொல்லு கண்ணு," என்றாள் அம்மா. மெதுவாகத்தான் சொன்னாள்.

'என் மகள் கதைப் புத்தகங்கள் அதிகம் படிப்பாள், நடக்காததை எழுதுவாள்' என்று என் வாயாலேயே ஆங்கிலத்தில் சொன்னேன்.

"அந்தக் குக்கர் இப்போது எங்கே?"

"கடல்ல போட்டுட்டேன்னு சொல்லு."

திருமதி டிமெல்லோ பேனாவைக் கீழே வைத்தார். கப்பலிலிருந்து ஒரு காகிதம் கடலில் விழுந்தாலும் குற்றம், அறையில் சமைத்ததைவிட இது பெரிது, உன் அம்மாவுக்கு இது தெரியுமா என்று கேட்டார். நான் தமிழில் சொல்லிவிட்டு, "வேண்டாம்மா," என்றும் சேர்த்தேன்.

"தப்புத்தான்னு சொல்லு."

"5127இல் ஜன்னல் கிடையாது," என்றார் திருமதி டிமெல்லோ. "எங்கிருந்து போட்டார்?"

அதை நான் அம்மாவுக்குச் சொன்னபோது அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.   பின்னாலிருந்து அப்பா ஒரு எட்டு முன்னால் வந்தார். எனக்குத் தெரிந்து அப்பா வாழ்க்கையில் பொய் சொன்னதில்லை. பழுதான மோட்டாரைப் பழுது என்று சொல்லியே விற்பார்.

"ஐ த்ரோ," என்றார். பிறகு விரலை மேலே காட்டி, "அப்ஸ்டேர்ஸ். ஐ த்ரோ."

திருமதி டிமெல்லோ எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னிடம், "நீ மொழிபெயர்த்தது எல்லாம் சரியா?" என்று கேட்டார்.

"சரி மேடம்," என்றேன். மொழிபெயர்ப்பு சரிதான். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அவர் எழுதினார். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். நான் பரிசு வாங்கிய பேனாவால் போட்டேன், என் கையில் அதுதான் இருந்தது.

மதியம் மோட்டார் கம்பெனி அதிகாரி அப்பாவைக் கூப்பிட்டார். கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது. அவர் என்னைவிடப் பத்து வயதுதான் பெரியவராக இருப்பார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மாலைக்குள் முப்பது டீலர்களுக்கும் தெரிந்துவிட்டது. சாப்பாட்டுக் கூடத்தில் ரத்னா அத்தை, "தண்ணிப் பக்கம் போகாத பூங்கொடி, இன்னும் எதாச்சும் உள்ள போட்டுறப்போற," என்றார். அம்மா சிரித்தாள். நன்றாகவே சிரித்தாள். இந்த முறை நான் சுவர்ப் பக்கம் போகவில்லை. ஆனால் தட்டிலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை.

இன்று குறிப்பு எதுவும் இல்லை.

மே 23, சனி. சென்னை

குறிப்பு 16: இறங்கும் நாளில் அவசரப்படாதீர்கள். தளவாரியாகத்தான் கூப்பிடுவார்கள்.

எங்களைக் கடைசியாகக் கூப்பிட்டார்கள். மேசையில் ரசீதைக் கொடுத்து ஆரஞ்சுப் புடவை மூட்டையை வாங்கிக்கொண்டோம். மூட்டையை ஒரு பெரிய பையில் போட்டு வாய் கட்டி வைத்திருந்தார்கள்.

பெட்டிகள் அடுக்கிய இடத்தில் சாம்பல் நிற உடையில் கஸ்பார் இருந்தார். முடிவு தெரியும்வரை அவரை இறக்கவில்லை போல. அம்மாவைப் பார்த்துத் தலையைக் கொஞ்சம் தாழ்த்தினார். அம்மா தெரியாதவளைப் போலத் தாண்டிப் போனாள். அப்படித்தான் போக வேண்டும் என்று ரயிலில் எனக்குச் சொன்னாள்.

என்னை அவர் பார்த்தாரா என்று எழுதாமல் விடப் பார்த்தேன். பார்த்தார். பிறகு பெட்டிகளைப் பார்த்தார்.

மே 24, ஞாயிறு. உடுமலை

அம்மா மூட்டையைப் பிரித்தாள். குக்கரின் மூடியைத் திறந்தாள். அரிசி ஒரு காகிதப் பொட்டலத்தில் இருந்தது. அரிசி இருந்த இடத்தில் எங்கள் எவர்சில்வர் தூக்கு, கழுவித் துடைத்து, மூடி இறுக்கி.

யார் வைத்தது என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன்.

ஜூன் 19, வெள்ளி

கப்பல் கம்பெனியிலிருந்து அப்பாவுக்குக் கடிதம். எங்கள் மூன்று பேருக்கும் மூன்று வருடம் அவர்கள் கப்பலில் ஏற அனுமதி இல்லை. நகல் மோட்டார் கம்பெனிக்கும் போயிருக்கிறது. இரண்டாவது பத்தியில் ஒரே வரி: சம்பந்தப்பட்ட பணியாளர் மீது குற்றம் இல்லை என்று விசாரணை முடிவு செய்து, அவர் பழைய பணியில் சேர்க்கப்பட்டார்.

அம்மா அந்த வரியை மட்டும் மறுபடியும் வாசிக்கச் சொன்னாள். பிறகு தமிழில். பிறகு இன்னொரு முறை.

"பத்தாவது சீட்டு?" என்று கேட்டாள்.

அது வரவில்லை அம்மா என்றேன். இறங்கும்போது எங்களுக்குக் கருத்துச் சீட்டு யாரும் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் அந்தப் பெயரை நாங்கள் எழுதியிருக்க முடியாது.

ஜூலை 3, வெள்ளி

ஆண்டு மலருக்குப் பதினேழு குறிப்புகளையும் நல்ல எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். மரகதம் டீச்சர் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குது சுபிக்ஷா. ஆனா ஊரே சிரிக்கற விஷயத்த விட்டுட்டியே! உங்கம்மா குக்கரத் தூக்கிக் கடல்ல போட்டாங்களாமா? எங்க வீட்டுக்காரரு பம்ப் கடையில கேட்டுட்டு வந்து சொன்னாரு. அதச் சேர்த்து எழுது. பசங்க ரசிச்சுப் படிப்பாங்க."

தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்தேன். அரிசி கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம் டீச்சர் கேட்டதைச் சொன்னேன்.

"எழுது," என்றாள்.

"பொய்யாச்சேம்மா. அச்சுல வரும். எம் பேரு போட்டு வரும்."

"மூணு பேரும் கையெழுத்துப் போட்டாச்சு. இனி மாத்தி எழுதுனா அந்தத் தம்பி என்ன ஆவாரு?" கழுவிய தண்ணீரை வடித்தாள். "எழுதறதுதான் எழுதற, அழுவாச்சியா எழுதாத. சிரிக்கற மாதிரி எழுது."

இரண்டு மணி நேரம் ஆனது. எழுதிவிட்டேன்.

குறிப்பு 18: கப்பலுக்குக் குக்கர் கொண்டு போகாதீர்கள். கொண்டு போனால் ஒன்று கொண்டு போங்கள், இரண்டு வேண்டாம். இரண்டாவதும் மாட்டிக்கொள்ளும் போலிருந்தால், தயவுசெய்து என் அம்மாவைப் போலக் கடலில் போடாதீர்கள். மீன்களுக்குச் சோறு வைக்கத் தெரியாது.

பத்தொன்பதாவது குறிப்பு இந்த நோட்டில் மட்டும் இருக்கும். யாருக்காவது நன்றி எழுதும்போது பெயரை எழுதுங்கள். பெயர் போதும்.

சாப்பிடும் முன்னால் பதினெட்டாவதை வாசித்துக் காட்டச் சொன்னார்கள். நின்றுகொண்டு வாசித்தேன். மீன் வந்த இடத்தில் அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அப்பா மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"நாந்தான அம்மிணி போட்டேன்? உங்கம்மா பேரப் போட்டு வெச்சுருக்கற?"

"நீங்க எங்கீங்க போட்டீங்க? போட்டது நானு. நீங்க சும்மா மேல கையக் காட்டுனீங்க."

"ஜன்னலே இல்லாத ரூமுல இருந்து நீ எப்படிப் போட்ட?"

இல்லாத ஒரு குக்கரை யார் எறிந்தது என்று இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இருக்கிற குக்கரில் சோறு வெந்துகொண்டிருந்தது. நான் தாளை மடித்தேன். மடித்ததையே இன்னும் சிறியதாக மடித்தேன். தலையை நிமிர்த்தவில்லை.